கோத்தகிரியில் மென்பொருள் தொழில்: முதலீட்டாளர் பணமா, சந்தா வருமானமா?

கோத்தகிரியில் இருந்துகொண்டே, பச்சைத் தேயிலைக் கொள்முதல் கணக்குக்கு இணைய மென்பொருள் செய்து விற்க நினைக்கிறீர்களா? பணத்துக்கு இரண்டு வழி.

முதலீட்டாளர் வந்தால் ஆள் சேர்க்கலாம், வேகமாகப் பரவலாம். சென்னையில் 2010-இல் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்ற மென்பொருள் நிறுவனம் அப்படி வளர்ந்துதான் 2021-இல் நாஸ்டாக் பங்குச்சந்தைக்குப் போனது. ஆனால் அதன் சந்தை உலகம் முழுக்க. பணம் போட்டவர் பல மடங்கு வளர்ச்சி கேட்பார். நீலகிரியின் தேயிலை ஆலைகள் எல்லாம் சேர்ந்தாலும் அதற்குப் போதாது.

சந்தாவிலேயே நடத்துவது மெதுவான வழி. 1996-இல் தொடங்கிய ஸோஹோ மென்பொருள் நிறுவனம் வெளி முதலீட்டை நம்பாமல் வளர்ந்தது. இதில் கவனம் முழுக்க விலகிப் போகிறவர்கள் மேல் இருக்க வேண்டும். மாதம் 5 சதவீதம் பேர் விலகினால், ஓர் ஆண்டில் பழைய வாடிக்கையாளர்களில் 54 சதவீதம்தான் மிஞ்சுவார்கள். 1 சதவீதம் என்றால் 89. அந்த வித்தியாசம் விளம்பரத்தால் வராது. மழையில் நெட்வொர்க் போனாலும் தேயிலையின் எடை பதிவாக வேண்டும், இணைப்பு வந்ததும் தானாகச் சேர வேண்டும். ஆலையிலிருந்து போன் வந்தால் தமிழில் பதில் சொல்ல ஆள் வேண்டும். நீலகிரிப் படுகர்களின் மொழியான படுகு தெரிந்தவர் என்றால் இன்னும் நல்லது.

சரி, எது? இந்த மலைக்கு நான் இரண்டாவதையே சொல்வேன். கட்டணத்தை மட்டும் ஆண்டுச் சந்தாவாக முன்பே வாங்கிவிடுங்கள். பனிக்காலத்தில் கொழுந்து குறைந்து ஆலைகளின் கை இறுகும்போதும் உங்கள் ஆட்களுக்குச் சம்பளம் நிற்காது.