பதினாறு ஆண்டு இணையதள வடிவமைப்பில் நான் பயன்படுத்திய மென்பொருள்கள்: எது நின்றது, எது போனது

சில மாதங்களுக்கு முன் ஒரே வாரத்தில் பழைய வாடிக்கையாளர்கள் இருவர் அழைத்தார்கள். ஒருவர் இசைப் பள்ளி நடத்துகிறார். அவருடைய தளத்தை 2009-ல் செய்து கொடுத்தேன். இன்னொருவர் மொழிபெயர்ப்பாளர், அவருடையது 2015-ல் செய்தது. இருவரும் கேட்டது ஒன்றேதான்: முகப்பில் சிறு மாற்றம், கூடவே ஒரு புதுப் பக்கம்.

2009-ன் கோப்புறையைத் திறந்தேன். பக்கங்களின் உள்ளடக்கம் கொண்ட எச்டிஎம்எல் கோப்புகள் பதினொன்று, தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் கோப்பு ஒன்று, படங்கள். மாலைக்குள் வேலை முடிந்தது. 2015-ன் கோப்புறையில் இருந்தது ஒரே ஒரு கோப்பு. அதைத் திறக்கும் மென்பொருளை அதன் நிறுவனம் எப்போதோ கைவிட்டிருந்தது. என் புதுக் கணினியில் அதை நிறுவக்கூட முடியவில்லை. ஆறு ஆண்டு புதிய தளம் பூட்டிக் கிடக்க, பழைய தளம் கேட்டவுடன் திறந்தது. அந்தப் பூட்டைத் தேர்ந்தெடுத்தவன் நான்தான். இழுத்து வைத்தால் பக்கம் உருவாகிவிடும் என்ற வசதியைப் பார்த்தேனே தவிர, வேலை எந்த வடிவத்தில் சேமிக்கப்படுகிறது என்று பார்க்கவில்லை.

எந்த மென்பொருளைக் கற்றுக்கொள்ளலாம் என்று புதியவர்கள் கேட்கும்போது இந்த இரண்டு கோப்புறைகளைத்தான் சொல்கிறேன்.

நான் தொடங்கியது ட்ரீம்வீவர் என்ற தளம் உருவாக்கும் மென்பொருளில். மேக்ரோமீடியா 1997-ல் வெளியிட்டது, 2005-ல் அந்த நிறுவனத்தை அடோபி வாங்கிய பிறகு அடோபியின் பெயரில் வந்துகொண்டிருக்கிறது. திரையை இரண்டாகப் பிரித்து ஒரு பக்கம் நிரலும் மறுபக்கம் பக்கத்தின் தோற்றமும் காட்டும். தோற்றத்தில் ஒரு பெட்டியை நகர்த்தினால் நிரலில் எந்த வரி மாறுகிறது என்று கண்ணெதிரே தெரியும். சிஎஸ்எஸ் எனக்குப் பிடிபட்டது அப்படித்தான். இன்று நான் அதைத் திறப்பதில்லை. ஆனால் அதில் செய்த கோப்புகள் நிரல் எழுதும் எந்த எடிட்டரிலும் திறக்கின்றன, இசைப் பள்ளியின் தளம் உட்பட.

நிரல் எடிட்டர்களை மட்டும் கவலையில்லாமல் மாற்றலாம். அடோபி பிராக்கெட்ஸுக்கு ஆதரவு 2021 செப்டம்பரில் நின்றது. ஆட்டம் 2022 டிசம்பரில் மூடப்பட்டது. இரண்டையும் பயன்படுத்தியவன் நான். 2015-ல் வந்த விஎஸ் கோடுக்கு மாறியபோது ஒரு நாள் குறுக்குவிசைகள் குழம்பின, அவ்வளவுதான். கோப்புகள் வெறும் உரை என்பதால் இழப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

பக்கத்தின் தோற்றத்தை வரையும் மென்பொருள்களில் கதை வேறு. அப்போதெல்லாம் போட்டோஷாப்பில் முழுப் பக்கத்தையும் படமாக வரைந்து, துண்டு துண்டாக வெட்டி நிரலில் பொருத்துவோம். 2010-ல் ஈத்தன் மார்காட் என்ற இணைய வடிவமைப்பாளர் திரைக்கேற்ப வளையும் வடிவமைப்பைப் பற்றி எழுதிய பிறகு அந்த முறை மெல்ல மெல்லச் செத்தது. ஒரே அகலத்தில் வரைந்த படம், கைப்பேசியில் பக்கம் எப்படி மடங்கும் என்று சொல்லாது. ஸ்கெட்ச் என்ற வரையும் மென்பொருள் நல்ல மாற்றாக வந்தது, ஆனால் மேக் கணினியில் மட்டும்.

பிறகு ஃபிக்மா என்ற வரையும் மென்பொருள். 2016-ல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. உலாவியிலேயே ஓடுவதால் வாடிக்கையாளருக்கு இணைப்பை அனுப்பினால் போதும், அவர் எதையும் நிறுவ வேண்டாம். அதிலுள்ள ஆட்டோ லேஅவுட் எனக்கு மிகவும் பிடித்தது. பொத்தானுக்குள் சொல் நீண்டால் பொத்தானும் நீளும். பட்டியலில் ஒன்று கூடினால் மற்றவை தாமாகக் கீழே இறங்கும். பெட்டிகளை அடுக்கும் சிஎஸ்எஸ் முறையான ஃபிளெக்ஸ்பாக்ஸ் நடந்துகொள்வதும் இப்படித்தான் என்பதால், வரைந்ததை நிரலாக்கும்போது பெரிய அதிர்ச்சி வருவதில்லை.

இருந்தாலும் அதன் மூலக் கோப்பு அதற்கே உரிய வடிவம், இருப்பிடம் அவர்களுடைய சர்வர். 2022 செப்டம்பரில் அடோபி ஃபிக்மாவை 2,000 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக அறிவிப்பு வந்தபோதுதான் இது எனக்கு உறைத்தது. ஒழுங்குமுறை அமைப்புகளின் எதிர்ப்பால் 2023 டிசம்பரில் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. நடுவில் இருந்த அந்தப் பதினைந்து மாதங்களில் பென்பாட் கற்றுக்கொண்டேன். அதுவும் வரைவதற்குத்தான், ஆனால் திறமூல மென்பொருள், அதாவது அதன் நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும். விரும்பினால் நம் சர்வரிலேயே நிறுவிக்கொள்ளலாம். கூடுதல் வசதிகள் சேர்க்கும் செருகுநிரல்களின் எண்ணிக்கையில் ஃபிக்மாவுக்கு நிகராகாது. குழுவாகச் செய்யும் பெரிய வேலைகளுக்கு இன்றும் ஃபிக்மாதான் என் தேர்வு, தனியாகச் செய்பவற்றுக்குப் பென்பாட். எதில் வரைந்தாலும் வேலை முடிந்ததும் எல்லாத் திரைகளையும் எஸ்விஜி படக் கோப்பாகவும் பிடிஎஃப்பாகவும் இறக்கி என் வட்டில் வைத்துவிடுகிறேன்.

தமிழில் தளம் செய்பவர்கள் கட்டாயம் சோதிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது, மென்பொருள் ஒப்பீடுகளில் இதை யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. வரையும் மென்பொருளில் தமிழ் ஒழுங்காக உட்காருகிறதா? "கொ" என்று தட்டினால் ஒற்றைக் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் போய் நிற்க வேண்டும். உரையைக் கையாளும் எஞ்சினுக்கு இந்திய எழுத்துகள் தெரியாவிட்டால் கொம்பு பின்னால் போய்விடும், புள்ளி தனியே மிதக்கும். போட்டோஷாப், இன்டிசைன் போன்றவற்றில் 'வேர்ல்ட் ரெடி' என்ற அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் சரியாக வரும். இது தெரியாமல், எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியாக்கமான யூனிகோடையே விட்டுவிட்டுப் பழைய குறியாக்க எழுத்துருவுக்குப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதைச் செய்யாதீர்கள். அந்த உரையை இணையத்தில் தேடினால் கிடைக்காது, பார்வையற்றோருக்கான திரைவாசிப்பான் அதைப் படிக்கவும் முடியாது.

அடுத்தது இடம். ஆங்கில மாதிரி உரையை வைத்து அளந்த பெட்டியில் "கடவுச்சொல்லை மறந்துவிட்டீர்களா?" நுழையாது. மேலே விசிறியும் கீழே சுழியும் உள்ள எழுத்துகளுக்கு வரி இடைவெளியும் கூடுதலாக வேண்டும். ஆங்கிலத்துக்கு எழுத்தின் அளவைப் போல 1.4 மடங்கு வைத்தால் தமிழுக்கு நான் 1.7 மடங்கு வைக்கிறேன். அப்புறம், தேர்ந்தெடுக்கும் எழுத்துருவுக்குத் தடித்த வடிவம் உண்டா என்று பாருங்கள். இல்லையென்றால் உலாவியே எழுத்தைச் செயற்கையாகத் தடிக்க வைக்கும், சுழிகள் அடைத்துக்கொண்டு அசிங்கமாகத் தெரியும். நோட்டோ சான்ஸ் தமிழில் மெல்லியதிலிருந்து மிகத் தடித்தது வரை எல்லாம் இருப்பதால் பெரும்பாலும் அதிலேயே தொடங்குகிறேன்.

தளத்தை வாடிக்கையாளரே புதுப்பிக்க வேண்டும் என்றால் வேர்ட்பிரஸ் என்ற உள்ளடக்க மேலாண்மை மென்பொருள். 2003-லிருந்து இருக்கிறது, திறமூலம், வேறு சர்வருக்கு மொத்தமாக எடுத்துப் போகலாம். ஆனால் அதன் மேல் எதைப் போடுகிறோம் என்பதில் கவனம் வேண்டும். பக்கங்களை இழுத்து அமைக்கும் ஒரு செருகுநிரலை மூன்று ஆண்டு பயன்படுத்தினேன். அதை நிறுத்திய அன்று எல்லாப் பக்கங்களிலும் சதுர அடைப்புக்குறிகளுக்குள் ஏதேதோ குறியீடுகள், உரை அவற்றுக்கிடையில் சிதறிக் கிடந்தது. நாற்பது பக்கங்களைக் கையால் சுத்தம் செய்தேன். 2018 டிசம்பரில் வேர்ட்பிரஸ் 5.0-உடன் வந்த பிளாக் எடிட்டர் அப்படியில்லை. உள்ளடக்கத்தை எச்டிஎம்எல்லாகவே சேமித்து, தன் குறிப்புகளைக் கண்ணுக்குத் தெரியாத கமெண்டுகளாக வைக்கிறது. எடிட்டரை நிறுத்தினாலும் பத்தி பத்தியாகவே நிற்கும். முதலில் அதன் மேல் எனக்கு ஈடுபாடு இல்லை, இதைத் தெரிந்துகொண்ட பின் வந்தது.

நிரல் எழுத விரும்பாதவர்கள், உலாவியிலேயே தளம் அமைத்துக்கொள்ளும் சேவைகளான விக்ஸ், வெப்ஃப்ளோ பற்றிக் கேட்பார்கள். அவசரமாக ஒரு தளம் வேண்டும், நாலைந்து பக்கம் போதும் என்றால் தாராளமாகப் பயன்படுத்தலாம். விக்ஸில் செய்த தளம் விக்ஸிலேயே இருக்கும், தளமாக வெளியே எடுக்க முடியாது. வெப்ஃப்ளோ கட்டணத் திட்டங்களில் நிரலைத் தருகிறது, ஆனால் அதன் உள்ளடக்க மேலாண்மைப் பகுதி கூடவே வராது. இவை ஒளித்து வைத்த செய்திகள் அல்ல, அவர்களே உதவிப் பக்கங்களில் எழுதியிருக்கிறார்கள். தொடங்கும் முன் படித்துவிட வேண்டும்.

புது மென்பொருள் எதுவானாலும் இப்போது ஒரு சோதனை வைக்கிறேன். உண்மையான தமிழ் உரையோடு ஒரே ஒரு பக்கம் செய்வேன். அதை ஏற்றுமதி செய்து, அந்த மென்பொருள் இல்லாத இன்னொரு கணினியில், இணையத்தைத் துண்டித்துவிட்டுத் திறப்பேன். என்ன மிஞ்சுகிறதோ அதுதான் என்னுடையது. வேகத்தை குரோம் உலாவியில் உள்ள லைட்ஹவுஸ் என்ற சோதனைக் கருவி சொல்லிவிடும். எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள நிற வேறுபாடு சாதாரண அளவு எழுத்துக்கு 4.5-க்கு 1 ஆவது இருக்க வேண்டும், அதையும் உலாவியின் டெவலப்பர் கருவியே காட்டும்.

மொழிபெயர்ப்பாளரின் தளத்தை ஹியூகோவில் புதிதாகச் செய்தேன். அவருடைய கட்டுரைகள் வெறும் உரைக் கோப்புகள், அவற்றிலிருந்து அது எச்டிஎம்எல் பக்கங்களை உருவாக்குகிறது. தொடுப்புகள் ரிலேட்டிவாக, அதாவது அதே கோப்புறையில் உள்ள எச்டிஎம்எல் கோப்புகளையே நேரடியாகச் சுட்டும்படி வைத்து, கோப்புறை முழுவதையும் அவருக்கு அனுப்பினேன். மறுநாள் அழைத்தார். "சார், நெட் கட்டாகியிருக்கு. இருந்தும் என் சைட் முழுசா திறக்குது, எல்லாப் பக்கமும் வருது" என்றார்.