எலும்பு மருந்துக்கு முன்னால் ஒரு டெக்ஸா: எது ஸ்கேன், எது வெறும் காகிதம்

நம் ஊரில் 'தேய்மானம்' என்ற ஒரே சொல்லை இரண்டு வேறு நோய்களுக்குச் சொல்கிறோம். முட்டியில் ஜவ்வு தேய்ந்து மாடிப்படி ஏறும்போது வலிப்பது ஒன்று. எலும்புக்குள் இருக்கும் சுண்ணாம்புச் சத்து குறைந்து, பாத்ரூமில் லேசாக வழுக்கினாலே தொடை எலும்பு முறிவது இன்னொன்று, அதாவது எலும்புப்புரை. முதலாவது தினமும் வலிக்கும். இரண்டாவது, ஏதாவது முறியும் வரை மூச்சே விடாது. முட்டிவலிக்கு எடுத்த எக்ஸ்ரேயைப் பார்த்து, "எலும்பு தேய்ஞ்சிருக்கும்மா" என்ற ஒரு வரியோடு வாரம் ஒரு அலென்ட்ரோனேட் (எலும்புப்புரை மருந்து) மாத்திரை வீட்டுக்கு வருவது இந்தக் குழப்பத்தால்தான்.

சாதாரண எக்ஸ்ரேயில் எலும்பு மங்கலாகத் தெரிய வேண்டுமானால் சுமார் 30 சதவீதம் தாது ஏற்கெனவே போயிருக்க வேண்டும். படம் எடுத்தவர் கதிரைக் கூட்டிக் குறைத்து வைத்தாலும் அதே மங்கல் வரும். எலும்பின் அடர்த்தியை அளக்கும் ஸ்கேன்தான் டெக்ஸா. எனவே மருந்து எழுதும்போது, "டாக்டர், ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு டெக்ஸா எடுத்துப் பார்த்துடலாமா?" என்று கேளுங்கள். அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. நல்ல மருத்துவர் அந்தக் கேள்வியை விரும்பவே செய்வார்.

ஆனால் 'எலும்பு அடர்த்திப் பரிசோதனை' என்ற பெயரில் கிடைப்பதெல்லாம் டெக்ஸா இல்லை. இலவச முகாம்களில் செருப்பைக் கழற்றச் சொல்லி, குதிகாலில் ஜெல் தடவி, இரண்டு நிமிடத்தில் ஒரு சீட்டு கொடுப்பார்கள். அது ஒலியலைக் கருவி. குதிகால் எலும்புக்குள் ஒலி எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்த்து ஓர் எண் தரும். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பட்டையும் இருக்கும். உலக சுகாதார நிறுவனம் 1994-இல் எலும்புப்புரைக்கு வகுத்த மைனஸ் 2.5 என்ற எல்லை இந்தக் கருவிக்கு உரியதல்ல. முகாம் சீட்டில் சிவப்பு வந்தால் டெக்ஸாவுக்குப் போகலாம், அவ்வளவுதான். அதை வைத்து மருந்து தொடங்கக் கூடாது. மருந்து வேலை செய்கிறதா என்று அந்தக் கருவியில் திரும்பத் திரும்பப் பார்ப்பதற்கும் பொருள் இல்லை. பச்சை வந்தது என்பதற்காக எழுபது வயது அம்மாவை டெக்ஸா எடுக்காமல் விடுவதும் தவறு.

டெக்ஸா என்பது இரண்டு வெவ்வேறு ஆற்றல் கொண்ட எக்ஸ்ரே கதிர்களை அனுப்பி, தசையையும் கொழுப்பையும் கழித்துவிட்டு எலும்பின் தாதுவை மட்டும் அளக்கும் முறை. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை கிராம் என்று எண் வரும். குழாய்க்குள் போக வேண்டியதில்லை, ஊசி இல்லை, பட்டினி இல்லை. திறந்த மேசையில் பத்து, இருபது நிமிடம் படுத்திருந்தால் போதும். உடலில் படும் கதிர் சில மைக்ரோசீவர்ட்தான். ஓரிரு நாளில் இயற்கையாகவே நம் மீது படும் அளவை ஒட்டியது. கர்ப்பிணிகளுக்கு மட்டும் வேண்டாம்.

பதிவு செய்யும்போதே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். தமிழில் முதுகின் அடிப்பகுதியும் இடுப்பு, தொடை மூட்டும் இடுப்பு. போனில் 'இடுப்பு ஸ்கேன்' என்று சொன்னால் எதுவும் நடக்கலாம். "லம்பார் ஸ்பைன், ஹிப் ரெண்டும் வேணும்" என்று சொல்லுங்கள். சொன்ன விலை ஓர் இடத்துக்கா, இரண்டுக்கும் சேர்த்தா என்றும் கேளுங்கள். 'ஹோல் பாடி டெக்ஸா' என்று கூடுதல் விலையில் ஒன்று சொல்வார்கள். அது உடல் கொழுப்பு, தசை அளக்க உதவும். பெரியவர்களுக்கு எலும்புப்புரை இருக்கிறதா என்று முடிவு செய்ய அந்த எண்ணை எடுப்பதில்லை, அதற்குக் காசு கொடுக்காதீர்கள். இரண்டு தொடை மூட்டிலும் பிளேட் வைத்திருக்கிறது, உடல் எடை மேசையின் அளவை மீறுகிறது, பாராதைராய்டு சுரப்பி அதிகமாக வேலை செய்கிறது என்ற நிலைகளில் முன்கையையும் சேர்த்து எடுக்க வேண்டும்.

போவதற்கு முந்தைய 24 மணி நேரம் கால்சியம் மாத்திரையை நிறுத்துங்கள். கரையாத மாத்திரை குடலில் கிடந்தால், முதுகெலும்பின் மேல் எலும்பைப் போலவே வெள்ளையாக விழும். பேரியம் குடித்தோ சாயம் செலுத்தியோ வேறு ஸ்கேன் எடுத்திருந்தால் குறைந்தது ஒரு வாரம் கழித்துப் போங்கள். உடையில்தான் நம்மவர்கள் தவறுவது. புடவை மடிப்பில் குத்திய ஊக்கு, தாலிச் சங்கிலியில் கோத்து வைத்த நாலைந்து ஊக்குகள், வெள்ளி அரைஞாண், பாவாடைக்குள் செருகிய சில்லறைப் பர்ஸ், பேன்ட் ஜிப் எல்லாமே அளக்கும் பகுதிக்குள் வரும். மையத்தில் கவுன் கொடுத்தால் வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். கொடுக்காத மையம் என்றால் அதுவே ஒரு குறை.

மேசையில் படுத்த பிறகு இரண்டு விஷயம் நடக்கிறதா என்று பாருங்கள். முதுகுக்கு எடுக்கும்போது கால்களைத் தூக்கி ஒரு சதுரப் பஞ்சுக் கட்டையின் மேல் வைப்பார்கள், முதுகின் வளைவு மேசையில் படிவதற்காக. தொடை மூட்டுக்கு எடுக்கும்போது பாதத்தை உள்பக்கமாகத் திருப்பி ஒரு முக்கோணச் சட்டத்தில் பட்டை போட்டுக் கட்டுவார்கள். 15 முதல் 20 டிகிரி திருப்ப வேண்டும். பத்து விநாடி வேலைதான், அவசரத்தில் விட்டுவிடுவதும் இதைத்தான். பாதத்தைத் திருப்பாவிட்டால் தொடை எலும்பின் கழுத்து குறுகித் தெரியும், அதே தாது சிறிய பரப்பில் விழும், அடர்த்தி உள்ளதைவிடக் கூடுதலாக வரும். ரிப்போர்ட்டில் உள்ள படத்தைப் பார்த்தே இதைக் கண்டுபிடிக்கலாம். தொடை எலும்பின் உள்பக்கம் சின்ன முண்டு ஒன்று இருக்கும். சரியாகத் திருப்பியிருந்தால் அது கொஞ்சமாகத்தான் எட்டிப் பார்க்கும். பெரிய குமிழாகத் துருத்திக்கொண்டு தெரிந்தால் கால் திரும்பவில்லை. அங்கேயே இருக்கும்போது இன்னொரு முறை எடுத்துத் தரச் சொல்லலாம்.

இப்போது ரிப்போர்ட். படம் இல்லாமல், வண்ணப் பட்டையும் 'ஆஸ்டியோபீனியா' (எலும்பு அடர்த்திக் குறைவு) என்ற ஒரு வார்த்தையும் மட்டும் தரும் மையத்துக்கு எங்கள் மதிப்பெண் பூஜ்யம். அசல் ரிப்போர்ட்டில் ஸ்பைன் படம், ஹிப் படம், ஒவ்வொரு முள்ளெலும்புக்கும் தனி எண், கருவியின் பெயர், எந்த மக்கள் தொகையோடு ஒப்பிட்டார்கள் என்ற விவரம் எல்லாம் இருக்கும். அதில் டி-ஸ்கோர் என்பது இளம் வயதினரின் சராசரியோடு ஒப்பிட்ட எண்: மைனஸ் 1 வரை இயல்பு, மைனஸ் 1-க்கும் மைனஸ் 2.5-க்கும் இடையில் குறைவு, மைனஸ் 2.5-ம் அதற்குக் கீழும் எலும்புப்புரை. ஸ்பைன், மொத்த ஹிப், தொடைக் கழுத்து ஆகிய மூன்றில் எது மிகக் குறைவோ அதை எடுத்துக்கொள்ள வேண்டும். ஹிப் அட்டவணையில் 'வார்ட்ஸ்' என்று இன்னொரு வரி இருக்கும். பெரும்பாலும் அதுதான் எல்லாவற்றையும்விட மோசமான எண்ணைக் காட்டும். அதை நோய் முடிவுக்குப் பயன்படுத்தக் கூடாது. அந்த வரியைக் காட்டி யாராவது மருந்து எழுதினால் மற்ற மூன்று எண்களையும் காட்டச் சொல்லுங்கள்.

வயதானவர்களின் ஸ்பைன் எண்ணில் பெரிய கண்ணி ஒன்று உண்டு. எடுத்துக்காட்டாக, கீழ்முதுகின் முள்ளெலும்புகளில் எல்1 மைனஸ் 2.6, எல்2 மைனஸ் 2.7, எல்3 மைனஸ் 1.1, எல்4 பிளஸ் 0.2 என்று வந்திருக்கிறது என வைத்துக்கொள்வோம். நாலையும் சேர்த்தால் மைனஸ் 1.5 அளவில் வரும், 'லேசான குறைவு' என்று எழுதிவிடுவார்கள். ஆனால் கீழே உள்ள இரண்டும் உண்மையில் பலமான எலும்பு இல்லை. முதுகுத் தேய்மானத்தால் ஓரங்களில் முளைத்த எலும்பு முட்கள் கணக்கில் சேர்ந்து எண்ணைத் தூக்கியிருக்கின்றன. முன்னால் ஓடும் பெரிய ரத்தக் குழாயில் படிந்த சுண்ணாம்பும், நசுங்கிப் போன முள்ளெலும்பும் இதே வேலையைச் செய்யும். பக்கத்து எலும்பிலிருந்து டி-ஸ்கோரில் ஒன்றுக்கு மேல் விலகி நிற்கும் முள்ளெலும்பைக் கழித்துவிட்டு, குறைந்தது இரண்டு மிஞ்சினால் அவற்றை வைத்துச் சொல்ல வேண்டும் என்பது விதி. இந்த எடுத்துக்காட்டில் எல்1, எல்2 மட்டும் எடுத்தால் அது எலும்புப்புரை. மருந்து தேவையில்லை என்று அனுப்பப்பட்டவருக்கு உண்மையில் மருந்து தேவை.

மாதவிடாய் நிற்காத பெண்களுக்கும் ஐம்பது வயதுக்குக் கீழ் உள்ள ஆண்களுக்கும் டி-ஸ்கோர் பார்க்கக் கூடாது. அதே வயதினரோடு ஒப்பிடும் இசட்-ஸ்கோரைத்தான் பார்க்க வேண்டும். அது மைனஸ் 2 அல்லது அதற்குக் கீழ் போனால் காரணத்தைத் தேட வேண்டும். முப்பத்தெட்டு வயதுப் பெண்ணின் ரிப்போர்ட்டில் டி-ஸ்கோரைக் காட்டி 'ஆஸ்டியோபீனியா' என்று அச்சடித்திருந்தால் அந்த முத்திரையை நம்பி மருந்து வாங்க வேண்டாம்.

டெக்ஸா தாது குறைவு என்று சொல்லும், ஏன் குறைந்தது என்று சொல்லாது. நம் நாட்டில் இது முக்கியம். வைட்டமின் டி மிகவும் குறைந்து எலும்பு மிருதுவாகிப் போனாலும் டெக்ஸாவில் அதே மைனஸ் எண்தான் வரும். தரையிலிருந்து எழ முடியவில்லை, தொடையிலும் விலாவிலும் தொட்டால் வலி, ரத்தத்தில் அல்கலைன் பாஸ்பட்டேஸ் கூடுதல் என்றால் அந்தச் சந்தேகம் வர வேண்டும். அதற்கு மருந்து வைட்டமின் டி-யும் கால்சியமும்தான். அதைச் சரி செய்யாமல் எலும்புப்புரைக்கான சோலெட்ரோனிக் ஊசியோ டெனோசுமாப் ஊசியோ போட்டால் ரத்தத்தில் கால்சியம் சட்டென்று இறங்கி கைகால் இழுத்துக்கொள்ளலாம். ஆகவே ஸ்கேனோடு கால்சியம், பாஸ்பரஸ், அல்கலைன் பாஸ்பட்டேஸ், வைட்டமின் டி, கிரியாட்டினின், தைராய்டு, தேவைப்பட்டால் பாராதைராய்டு ஹார்மோன் ஆகியவற்றையும் கேளுங்கள். சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் 35-க்குக் கீழே இருந்தால் அலென்ட்ரோனேட்டும் சோலெட்ரோனிக் ஊசியும் கூடாது.

ஸ்கேனுக்காகக் காத்திருக்கக் கூடாத நிலையும் உண்டு. நின்ற உயரத்திலிருந்து விழுந்தே தொடைக் கழுத்து முறிந்தவருக்கும், பெரிய அடி எதுவும் படாமலே முதுகெலும்பு நசுங்கியவருக்கும் எண் என்னவாக இருந்தாலும் சிகிச்சை தேவை. அவர்களுக்கு டெக்ஸா வசதிப்பட்டபோது எடுத்துக்கொள்ளும் அடிப்படை அளவு மட்டுமே. இளமையில் இருந்த உயரத்தில் 4 சென்டிமீட்டர் குறைந்திருந்தால் முதுகின் பக்கவாட்டு எக்ஸ்ரே ஒன்றும் எடுங்கள். வலியே இல்லாமல் நசுங்கிய எலும்பு அதில் தெரியும்.

மற்றவர்களுக்கு ஸ்கேன் முதலில் என்று நாங்கள் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் மருந்துகளின் குணம். அலென்ட்ரோனேட்டும் சோலெட்ரோனிக் ஆசிடும் எலும்பில் படிந்து வருடக்கணக்கில் தங்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாபை இடையில் நிறுத்தினால் அடர்த்தி மளமளவென்று இறங்கி முள்ளெலும்புகள் அடுத்தடுத்து நசுங்கலாம். நிறுத்துவதாக இருந்தால் வேறு மருந்துக்கு மாற்றித்தான் நிறுத்த வேண்டும். இப்படிப்பட்ட ஒன்றைத் தொடங்கும் முன் கையில் ஓர் எண் வேண்டாமா? தொடங்கிய பிறகு அந்த முதல் எண்ணை எந்தக் கருவியாலும் திருப்பித் தர முடியாது. ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்தில் உருவான ஃபிராக்ஸ் கணக்கீடும் சிகிச்சை தொடங்காதவர்களுக்கு உரியதே. அதில் இந்தியாவுக்கென்று தனித் தேர்வு உண்டு. தொடைக் கழுத்து அடர்த்தியை அதில் போட்டு அடுத்த பத்து ஆண்டில் முறிவு வரும் வாய்ப்பை மருத்துவரோடு உட்கார்ந்து பார்க்கலாம். மைனஸ் 1.8 வந்த ஐம்பத்தைந்து வயதுக்காரருக்கும் மைனஸ் 1.8 வந்த எழுபத்தெட்டு வயதுக்காரருக்கும் ஒரே பதில் இல்லை என்பது அங்கே தெரியும்.

அடுத்த ஸ்கேன் பெரும்பாலும் ஒன்று, இரண்டு வருடம் கழித்து. அதே மையம், அதே கருவி என்றால் மட்டுமே ஒப்பிட முடியும். ஹோலாஜிக் கருவியில் எடுத்ததையும் ஜிஇ லூனார் கருவியில் எடுத்ததையும் பக்கத்தில் வைத்துக் கூடியது, குறைந்தது என்று சொல்ல முடியாது. ஒப்பிடும்போது டி-ஸ்கோரை விட்டுவிட்டு கிராம் கணக்கைப் பாருங்கள். மொத்த ஹிப் 0.720-லிருந்து 0.705-க்கு இறங்கினால் அது 2 சதவீதம். ஒழுங்காக நடக்கும் மையத்திலேயே ஹிப்பில் 5 சதவீதம் வரையும், ஸ்பைனில் 5.3 சதவீதம் வரையும் மாற்றம் கருவி, படுக்க வைத்த விதம் ஆகியவற்றின் ஆட்டமாக இருக்கலாம். அதைத் தாண்டினால்தான் உண்மையான மாற்றம், அந்த எல்லைக்குப் பெயர் எல்எஸ்சி. அந்த 2 சதவீதத்துக்காக மருந்தை மாற்றச் சொன்னால், "உங்க சென்டரோட எல்எஸ்சி எவ்வளவு?" என்று ஸ்கேன் மையத்தில் கேளுங்கள். எண்ணைச் சொல்லும் மையத்துக்கே அடுத்த முறையும் போங்கள். முதல் ரிப்போர்ட்டின் எல்லாப் பக்கங்களையும், படங்களோடு, போனில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.