செல்ஃப் எடுக்கவில்லை: புதுசா, ரிப்பேரா, ஒர்க்‌ஷாப்பா?

எங்கள் கானாடுகாத்தானில் பல வீட்டுக் கார்கள், முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கோ கல்யாணத்துக்கோ ஆட்கள் ஊருக்கு வந்தால்தான் ஷெட்டை விட்டு வெளியே வரும். மாதக்கணக்கில் நின்ற வண்டியில் சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். போன தை மாதம் என் சின்ன பெட்ரோல் காருக்கும் அதே கதை. மூன்று வழி இருந்தது: எஞ்சினை முதலில் சுற்றிவிடும் செல்ஃப் மோட்டாரைப் புதிதாக வாங்கி நானே மாட்டுவது, பழையதைக் கழற்றிக் காரைக்குடியில் கொடுத்துச் சரிசெய்வது, வண்டியையே ஒர்க்‌ஷாப்பில் விடுவது.

எதுவானாலும் முதலில் பேட்டரியைப் பார்த்துவிடுங்கள். மல்டிமீட்டரில் 12.6 வோல்ட் பக்கம் காட்டி, சாவியைத் திருப்பும்போதும் 10-க்குக் கீழே இறங்காவிட்டால் பேட்டரி மேல் பழியில்லை. ‘டகடக’ என்று விடாமல் அடித்தால் பேட்டரியோ டெர்மினலோதான். ஒரே ஒரு ‘டக்’ என்றால் பெரும்பாலும் சாலினாய்டு (மோட்டாருக்குக் கரண்டை இணைக்கும் சுவிட்ச்) அல்லது கார்பன் (மோட்டாருக்குள் கரண்டைக் கடத்தும் கரித்துண்டு). மோட்டார் மட்டும் ‘விர்’ரென்று சுற்றி எஞ்சின் அசையாவிட்டால் பெண்டிக்ஸ், அதாவது மோட்டாரின் பல்சக்கரத்தை எஞ்சினோடு கோக்கும் பாகம். பேட்டரி நெகட்டிவிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் ஒயரையும் ஒருமுறை தேய்த்துப் பாருங்கள். மின்வேதியியலுக்கென்றே சிக்ரி ஆய்வகம் இருக்கும் காரைக்குடிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, டெர்மினலில் பச்சை பூக்க விட்டுவிடுகிறோம்.

ஒர்க்‌ஷாப் எனக்கு ஒத்துவரவில்லை. தள்ளி ஸ்டார்ட் செய்து கொண்டுபோனாலும், பெரும்பாலும் பழையதைத் திறந்துகூடப் பார்க்காமல் புதிதை மாட்டிவிடுவார்கள். ஆனால் ஆட்டோமேட்டிக் வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாது. சில வண்டிகளில் மோட்டார் கை நுழையாத இடத்தில் ஒளிந்திருக்கும். அந்த வண்டிகளுக்கு ஒர்க்‌ஷாப்தான் சரி.

புதிது வாங்கினால் வாரண்டி உண்டு, கவலை இல்லை, ஆனால் சில ஆயிரம் போகும். மலிவாக வரும் பெயர் தெரியாத மோட்டாரை வாங்குபவர்கள் பழையதைப் பக்கத்தில் வைத்துப் பல் எண்ணிக்கை, போல்ட் ஓட்டை, சுற்றும் திசை மூன்றையும் ஒப்பிட வேண்டும். பல் சேராவிட்டால் எஞ்சின் பக்கப் பல்வளையமான ஃப்ளைவீல் ரிங் தேய்ந்துபோகும். அந்தச் செலவோடு பார்த்தால் மோட்டார் விலை ஒன்றுமே இல்லை. இரும்புக்கடை மோட்டாரா? நான் தொடுவதாக இல்லை.

நான் எடுத்தது நடு வழி. கழற்றுவது என் வேலை, திறப்பது எலக்ட்ரீஷியன் வேலை.

பேட்டரியின் நெகட்டிவைத்தான் முதலில் கழற்ற வேண்டும். மோட்டாருக்குப் போகும் தடித்த ஒயர் பேட்டரியிலிருந்து நேராக வருகிறது, பெரும்பாலும் நடுவில் ஃபியூஸ் கிடையாது. நெகட்டிவைக் கழற்றாமல் ஸ்பேனர் பாடியில் பட்டால் வெல்டிங் பொறிதான். அப்புறம் அந்த ஒயர், சின்ன சாவி ஒயர், கடைசியாக இரண்டு போல்ட். கீழே படுத்து வேலை செய்ய வேண்டியிருந்தால் ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு கொடுங்கள். கடைசி போல்ட் வரும்போது ஒரு கையால் மோட்டாரைத் தாங்கிக்கொள்ள வேண்டும், மூன்று நான்கு கிலோ இருக்கும். நான் சாக்கு விரித்து அதன்மேல் வைத்தேன். ஆத்தங்குடிக் கல் பதித்த முகப்பில் கொண்டுபோய் வைத்திருந்தால் கிரீஸ் கறைக்கு வீட்டில் பதில் சொல்லி மாளாது.

காரைக்குடியில் எலக்ட்ரீஷியன் பின்மூடியைத் திறந்ததும் கரித்தூள் கொட்டியது. “அண்ணே, ஆர்மேச்சர் நல்லாத்தான் இருக்கு. கார்பன் தேஞ்சுபோச்சு, புஷ்ஷும் ஆடுது.” ஆர்மேச்சர் என்பது உள்ளே சுற்றும் செம்புக்கம்பிச் சுருள், புஷ் அதன் அச்சைத் தாங்கும் வளையம். தேய்ந்த கார்பனைப் புதிதின் பக்கத்தில் வைத்துக் காட்டினார், பாதிகூட இல்லை. கார்பன் உரசும் செம்பு வளையமான கம்யூடேட்டரை உப்புத்தாளால் தேய்த்து, கார்பனும் புஷ்ஷும் மாற்றி, மோட்டாரைக் காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நேராக பேட்டரியில் கொடுத்தார். பல்சக்கரம் பாய்ந்து வெளியே வந்து சுற்றியது. இந்தச் சோதனையைப் பார்க்காமல் கடையை விட்டுக் கிளம்பாதீர்கள். மாட்டிய பிறகு மறுபடி கழற்றுவது பெரிய எரிச்சல். செலவு, புதிதின் விலையில் கால் பங்குகூட ஆகவில்லை.

ஆர்மேச்சர் கருகி வாடை வந்திருந்தால் நானும் புதிதுதான் வாங்கியிருப்பேன். புதுக் கம்பி சுற்றி ரீவைண்டிங் செய்தது எத்தனை நாள் தாங்கும் என்பது சுற்றுபவரின் கையைப் பொறுத்தது. நின்றே கிடக்கும் வண்டிகளில் சில சமயம் கார்பன் தேயாமல் கூட்டுக்குள் இறுகிக்கொள்வதும் உண்டு. அதற்குச் சுத்தம் செய்தாலே போதும்.

மாலையில் மாட்டி, நெகட்டிவைக் கடைசியாக முடுக்கிச் சாவியைத் திருப்பினேன். முதல் சுற்றிலேயே பிடித்தது. சத்தம் கேட்டு அடுத்த வீட்டு ஆச்சி எட்டிப் பார்த்து, “அப்ப நாளைக்குப் பிள்ளையார்பட்டிக்குப் போயிட்டு வந்திரலாமா?” என்று கேட்டார்கள்.