மாற்று ரிவர்ஸ் கேமரா: ஒரிஜினலா, யுனிவர்சலா, வயர்லெஸ்ஸா?

ரிவர்ஸ் கேமரா போய்விட்டால் எல்லோரும் முதலில் பார்ப்பது பிக்சலையும் விலையையும்தான். புதுசை மாட்டி ரிவர்ஸ் கியர் போட்டால் திரை நீலமாக நிற்கும், இல்லாவிட்டால் படம் மேலும் கீழும் ஓடும். பல சமயம் கேமராவில் குறையே இருக்காது. அது அனுப்பும் சிக்னல் ஒன்று, திரை எதிர்பார்ப்பது வேறொன்று. ஆகவே படம் எவ்வளவு பளிச்சென்று இருக்கிறது என்பதைவிட, கோளாறு வந்தால் எதில் சீக்கிரம் கண்டுபிடிக்கலாம் என்றுதான் நான் பார்ப்பேன்.

காருடன் வந்த திரை அப்படியே இருந்தால், அதே பார்ட் நம்பர் உள்ள ஒரிஜினல் கேமராதான் என் தேர்வு. பிளக் பொருந்தும், ஸ்டீயரிங்கோடு வளையும் வழிகாட்டிக் கோடுகள் இருந்தால் அவையும் தங்கும். புதிய கார்கள் பலவற்றில் சிக்னல் டிஜிட்டல் என்பதால் வேறு கேமரா பேசவே பேசாது. சில மாடல்களில் மாற்றிய பிறகு, காரின் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஸ்கேனர் வைத்துச் சரிசெய்ய வேண்டியும் இருக்கும். வோல்டேஜிலும் கவனம் தேவை. ஒரிஜினல் கேமராக்கள் சில 6 வோல்ட்டில் ஓடுபவை. அதற்கு நேராக 12 வோல்ட் கொடுத்தால் கருகிவிடும்.

ஒரிஜினலை மாட்டியும் படம் வரவில்லையா? டிக்கிக் கதவின் கீல் பக்கம் இருக்கும் ரப்பர் குழாயை இழுத்துப் பாருங்கள். கதவைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் அதற்குள் போகும் வயர்கள் மடங்கி நிமிர்கின்றன. மேல் உறை முழுசாக இருக்க, உள்ளே செம்பு மட்டும் அறுந்திருக்கும். டிக்கி திறந்திருக்கும்போது படம் வந்து, மூடினால் போனால், சந்தேகமே வேண்டாம், இடம் அதுதான். பழைய கேமராவும் உண்மையில் நன்றாகவே இருந்திருக்கலாம்.

வெளியே வாங்கிப் போட்ட ஹெட் யூனிட் (டாஷ்போர்டில் இருக்கும் ரேடியோ-திரை) என்றால், பல கார்களுக்கும் பொதுவாக வரும், வயர் உள்ள யுனிவர்சல் கேமரா போதும். இதன் பெரிய பலம், பிரித்துப் பிரித்துச் சோதிக்க முடிவது. வயரைப் பின்னால் இழுப்பதற்கு முன்பே கேமராவை முன் சீட்டில் வைத்து, சின்ன கேபிளில் ஹெட் யூனிட்டோடு இணைத்து, ஃபியூஸ் உள்ள 12 வோல்ட் கொடுத்துப் பாருங்கள். அங்கே படம் வந்து பின்னால் வராவிட்டால் குறை நீள வயரிலோ எர்த்திலோதான். ரிவர்ஸ் போட்டும் திரை ரேடியோவிலேயே நின்றால், திரையைக் கேமராவுக்கு மாறச் சொல்லும் டிரிக்கர் வயருக்கு 12 வோல்ட் வரவில்லை. திரை மாறி, 'சிக்னல் இல்லை' என்றால் டிரிக்கர் சரி, படம்தான் வரவில்லை. படம் உருண்டாலோ கறுப்பு வெள்ளையாக வந்தாலோ 525 கோடுகள் கொண்ட என்.டி.எஸ்.சி., 625 கோடுகள் கொண்ட பி.ஏ.எல். என்ற இரண்டு வீடியோ முறைகள் மோதுகின்றன, செட்டிங்கில் மாற்றினால் தீரும். படம் உருளாமல் வந்தும் துடித்துக்கொண்டே இருந்தால், கேமரா மின்சாரம் எடுக்கும் ரிவர்ஸ் விளக்கின் வயரைச் சந்தேகியுங்கள். கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் விளக்குகளுக்குச் சில கார்களில் மின்சாரம் விட்டு விட்டுத்தான் போகும். மின்சாரத்தைச் சீராக்கும் பவர் ஃபில்டர் போடலாம், அல்லது இக்னிஷன் ஆன் ஆனதும் வரும் லைனிலிருந்து கேமராவுக்குத் தனியாக எடுக்கலாம். இடம் வலம் மாறித் தெரிந்தால் அப்படியே பழகிக்கொள்ள வேண்டாம். அவசரத்தில் கை தப்பான பக்கம் திருப்பிவிடும். பல கேமராக்களில் அதற்கென ஒரு சிறு வயர் வளையம் இருக்கும், கையேட்டைப் பார்த்து அதை வெட்டி நுனிகளை டேப் சுற்றிவிடுங்கள்.

ஏ.எச்.டி. (அனலாக் வயரிலேயே எச்.டி. படம் அனுப்பும் முறை) கேமராவில் படம் தெளிவு, மறுப்பதற்கில்லை. ஆனால் ஹெட் யூனிட் ஏ.எச்.டி.யை ஏற்கும் என்று கையேட்டில் இருந்தால் மட்டும் வாங்குங்கள். 720, 1080 என்ற படத் தெளிவு அளவும் பொருந்த வேண்டும்.

வயர்லெஸ்ஸைச் சாதாரணக் காருக்கு நான் சொல்லமாட்டேன். வயரே வேண்டாம் என்று நினைத்து வாங்குகிறார்கள். கேமராவுக்கும் திரைக்கும் பவர் வயர் எப்படியும் இழுக்க வேண்டும். பெரும்பாலானவை வைஃபையும் புளூடூத்தும் ஓடும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்குகின்றன. அனலாக் என்றால் படத்தில் புள்ளிகள் தெறிக்கும், டிஜிட்டல் என்றால் நொடிக்கணக்கில் உறைந்து நிற்கும். உறைந்த படம் கறுப்புத் திரையைவிட ஆபத்து: பின்னால் ஒரு குழந்தை வந்து நின்றபிறகும் திரையில் காலி இடமே தெரியும். தினமும் கழற்றி மாட்டும் டிரெய்லருக்கு மட்டும் இது நியாயமான தேர்வு.