பிள்ளை போவதா, பாடம் வருவதா?

பாடசாலையில் இருக்கும்போதே கல்லூரிப் பாடமொன்றைப் படித்து, அதை இரண்டு இடத்திலும் கணக்கில் சேர்ப்பதே இரட்டைக் கிரெடிட். வன்னியில் இதற்கு அடித்தளம் உண்டு. 2017இல் தொடங்கிய 13 வருட உத்தரவாதக் கல்வியில், சாதாரண தரம் சித்தியடையாத பிள்ளையும் தொழிற்பிரிவில் சேர்ந்து தேசிய தொழிற்தகைமையில் (என்.வி.கியூ.) 4ஆம் மட்டம் வரை போகலாம். எங்கே வைத்துப் படிப்பிப்பது என்பதுதான் கேள்வி.

கிளிநொச்சி அறிவியல் நகருக்குக் கூட்டிச் சென்றால், இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தில் வாகன இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டியே பழகலாம். அதே அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் இருக்கிறது. அந்த வாசலைப் பார்ப்பதே பிள்ளைக்கு ஒரு தெம்பு. ஆனால் மல்லாவிப் பிள்ளை மாங்குளம் வந்து, ஏ9 வீதியில் இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். பின்னேர பஸ் தவறினால், இருட்டும்வரை புத்தகப்பையோடு வீதியோரத்தில் நிற்க வேண்டியதுதான். பொம்பிளைப் பிள்ளையின் அம்மா இதற்கு எப்படி ஓம் சொல்வார்?

போதனாசிரியர் பாடசாலைக்கே வந்தால் வரவு குறையாது. கடைசல் இயந்திரம் கூடவே வராது, சரி. அளவீடு, வரைபடம், பாதுகாப்பு விதிகளுக்கு அது தேவையில்லையே.

நான் இரண்டாவதையே தேர்வேன். கிழமையில் ஒரு நாள் மட்டும், பாடசாலை ஒழுங்குசெய்யும் பஸ்ஸில் பட்டறைக்குப் போய் வரட்டும்.