பின்தொடர்வதா, ஓரிடத்தில் நிற்பதா, அலைவதா? ‘ஸ்லீப் நோ மோர்’ மறுபடி பார்ப்பவர்களுக்கு

இருக்கையில் உட்காராமல், நாடகம் நடக்கும் அறைகளுக்குள்ளேயே நடமாடிப் பார்க்கும் இமர்சிவ் தியேட்டருக்கு முதல் தடவை போகிறவர் எந்த யோசனையும் இல்லாமல் போகலாம். கதவு திறந்திருந்தால் நுழையலாம், யாராவது ஓடினால் பின்னாலேயே ஓடலாம். இரண்டாவது டிக்கெட் வாங்கும்போதுதான் கணக்கு தொடங்குகிறது.

பிரிட்டிஷ் நாடகக் குழுவான பஞ்ச்டிரங்கின் ‘ஸ்லீப் நோ மோர்’ 2003-இல் லண்டனில் தொடங்கியது. 2009-இல் பாஸ்டன் பக்கம் போய், 2011-இல் நியூயார்க்கின் செல்சி பகுதியில் ‘மெக்கிட்ரிக் ஹோட்டல்’ என்ற பெயரில் குடியேறி, 2025 ஜனவரி 5 வரை அங்கே ஓடியது. ஷாங்காயில் 2016 டிசம்பரிலும் சியோலில் 2025-இலும் திறந்தார்கள். ஷேக்ஸ்பியரின் மேக்பெத் கதை, ஆனால் ஏறக்குறைய வசனமே கிடையாது. எல்லாம் நடனமும் உடல்மொழியும்தான். பார்வையாளர் வெள்ளை முகமூடி போட்டுக்கொண்டு, வாய் திறக்காமல், மாடி மாடியாக எங்கு வேண்டுமானாலும் போகலாம். சுமார் ஒரு மணி நேரக் கதை ஒரே இரவில் மூன்று சுற்று ஓடும். பாத்திரங்கள் சுமார் இருபது, எல்லோருடைய கதையும் ஒரே நேரத்தில் வெவ்வேறு அறைகளில் நடக்கும். ஒரு சுற்றுக்கு ஒருவர் என்று வைத்தாலும் எல்லோரையும் முழுதாகப் பார்க்க ஏழு இரவு வேண்டும். மறுபடி மறுபடி போகிறவர்கள் கிறுக்கர்கள் அல்ல. நாடகத்தின் அமைப்பே அப்படி.

அந்த மூன்று மணி நேரத்தைச் செலவழிக்க மூன்று வழிகள் உண்டு. எங்கள் தேர்வு முதல் வழிதான், ஆனால் அதற்கும் ஒரு நேரம் காலம் இருக்கிறது.

ஒருவரையே பின்தொடர்வது

ஒரு பாத்திரத்தைப் பிடித்தால் சுற்று முடியும்வரை விடக்கூடாது. சொல்வது எளிது, செய்வது கடினம். இரண்டு பேர் சந்தித்துச் சண்டையிட்டுப் பிரியும் இடத்தில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். உங்கள் ஆள் சோர்ந்து நடந்து போவார், மற்றவர் கையில் ரத்தத்தோடு ஓடுவார். கால் தானாக அந்தப் பக்கம் திரும்பும். கடைசியில் இரண்டு பேரின் பாதிக் கதைதான் கையில் மிஞ்சும். நடந்து போனவரோடு இருந்தவருக்குத்தான் அடுத்த ஐந்து நிமிடத்தில், யாரும் இல்லாத அறையில், அந்தச் சண்டையின் காரணம் தெரியவரும்.

தூரம் முக்கியம். நடைவழியில் நடிகருக்கு இரண்டு, மூன்று மீட்டர் இடைவெளி விடுங்கள். மாடிப்படி வந்தால் நெருங்குங்கள், ஏனென்றால் அவர்கள் படிகளில் ஓடுவார்கள், திருப்பத்தில் மறைந்துவிடுவார்கள். கூட்டத்தில் ஆறாவது ஏழாவது ஆளாக இருந்தால் கதவு உங்கள் முகத்துக்கு நேரே சாத்தப்படலாம். அப்படித் தொலைத்துவிட்டால் தேடி ஓடாதீர்கள். அவர் அடுத்து வரவேண்டிய இடம் தெரிந்தால் அங்கே போய் நில்லுங்கள். தெரியாவிட்டால் அந்த அறையிலேயே இருந்து அடுத்து வருகிறவரைப் பிடியுங்கள்.

யாரைப் பின்தொடர்வது என்பதில்தான் அனுபவம் பேசும். மேக்பெத்துக்குப் பின்னால் எப்போதும் கூட்டம். மூன்றாம் சுற்றில் அவரைத் தொடர்ந்தால் பிறர் தோள்களைத்தான் பார்ப்பீர்கள். ஆட்களை நேரம் பிரித்துத்தான் உள்ளே விடுவார்கள் என்பதால் முதல் சுற்றில் கட்டடம் காலியாக இருக்கும். மேக்பெத், லேடி மேக்பெத் இருவரில் ஒருவரை அப்போதே முடித்துவிடுவது நல்லது. அதற்காகவே அன்றைய முதல் நுழைவு நேரத்துக்கு டிக்கெட் எடுக்க வேண்டும். பிந்திய நுழைவு என்றால் முதல் சுற்றில் கணிசமான பகுதி போய்விடும்.

இரண்டாம், மூன்றாம் சுற்றுகளைச் சின்னப் பாத்திரங்களுக்குக் கொடுங்கள். நியூயார்க்கில் ஹோட்டல் போர்ட்டர், தையல்காரர் ஃபுல்டன், விலங்குகளைப் பாடம் செய்யும் பார்கரன், ஆக்னஸ் நெய்ஸ்மித், மருத்துவமனை மேட்ரன் (தலைமைச் செவிலி) லாங் ஆகியோர் இருந்தார்கள். போர்ட்டரைத் தவிர இவர்கள் ஷேக்ஸ்பியரில் கிடையாது. இவர்களின் பெயர்கள் 1697-இல் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி ஊரில் நடந்த சூனியக்காரிகள் வழக்கிலிருந்து வந்தவை. பார்கரன் பண்ணையின் சிறுமி கிறிஸ்டியன் ஷா சொன்ன குற்றச்சாட்டில் கேத்தரின் கேம்ப்பெல், ஆக்னஸ் நெய்ஸ்மித், மார்கரெட் லாங் எல்லோரும் சிக்கினார்கள். தண்டனை நிறைவேறிய இடம் கேலோ கிரீன். நாடகத்தில் கடைத்தெருவுக்கு அந்தப் பெயரைத்தான் வைத்தார்கள். இதைத் தெரிந்துகொண்டு தையல்காரரின் கடையில் நின்றால், அவர் யாருக்கு ஏன் பயப்படுகிறார் என்பது சட்டென்று பிடிபடும். கிளைக்கதை என்று ஒதுக்குகிறவர்கள் நாடகத்தில் பாதியை இழக்கிறார்கள்.

ஓரிடத்தில் நிற்பது

ஒரே அறையில் முழுச் சுற்றும் இருப்பது. கேட்டால் சலிப்பாகத் தோன்றும். ஆனால் நான்காம், ஐந்தாம் தடவை போகிறவருக்கு இதைவிடப் பயன் தருவது இல்லை. யார் எப்போது வருகிறார், போகும்போது எதை எங்கே வைக்கிறார், அதை அடுத்து யார் வந்து எடுக்கிறார் என்று சங்கிலி தெரியும். இழுப்பறைகளைத் திறக்கலாம், கடிதங்களைப் படிக்கலாம். படித்ததை அதே மடிப்பில் அதே இடத்தில் வையுங்கள். பத்து நிமிடத்தில் ஒரு நடிகர் இருட்டில் அதைத் தடவி எடுக்க வேண்டியிருக்கும். நியூயார்க் மிட்டாய்க் கடையின் ஜாடிகளிலிருந்து மிட்டாய் எடுத்துத் தின்ன முடிந்தது, அதற்குத் தடை இருக்கவில்லை. மற்றபடி எந்தப் பொருளையும் வெளியே கொண்டுபோகக் கூடாது.

இடம் தவறினால் ஒரு மணி நேரம் வீண். மேல்மாடி மருத்துவமனைக் கூடம் அழகானது, ஆனால் நீண்ட நேரம் வெறுமையாக இருக்கும். கடைத்தெரு மாதிரி நாலைந்து பேரின் பாதை வெட்டிக்கொள்ளும் இடமே சரி.

இந்த வழியின் உண்மையான லாபம் ஒலி. ஸ்டீபன் டாபியின் ஒலியமைப்பு கட்டடம் முழுவதும் ஒரே கடிகாரத்தில் ஓடுகிறது. ஹிட்ச்காக் படங்களுக்கு பெர்னார்ட் ஹெர்மன் எழுதிய இசையும் பழைய நடனப் பாட்டுகளும் மாறி மாறி வரும். நடிகர்கள் நேரம் பார்ப்பது இதை வைத்துத்தான். ஒரு சுற்று அசையாமல் கேட்டால் உங்களுக்கும் பிடிபடும்: இந்தப் பாட்டு வந்தால் கீழே நடனக் கூடம், இந்த இடி முழங்கினால் அரசர் டங்கனின் கொலை. இது கைவந்தபின் தொலைந்த ஆளைத் தேட வேண்டியதே இல்லை.

அலைவது

அடிக்கடி வருகிறவருக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டோம். எல்லா அறையையும் பார்த்த திருப்தி இருக்கும், ஒரு கதையும் தெரிந்திருக்காது. ஒரே ஒரு விதிவிலக்கு: ஊர் மாறும்போது. நியூயார்க்கில் பழகியவர் ஷாங்காய்க் கட்டடத்தில் முதல் அரைமணி நேரம் படிக்கட்டுகளையும் மாடிகளையும் மட்டும் பார்த்து வைத்துக்கொள்ளட்டும். பழைய வரைபடம் அங்கே உதவாது.

ஒன்-ஆன்-ஒன் பற்றி

நடிகர் ஒருவரை மட்டும் தனியறைக்குள் இழுத்து, கதவைப் பூட்டி, முகமூடியைக் கழற்றி, காதோடு ஏதாவது சொல்வார். இதை மட்டுமே குறிவைத்து வருகிறவர்கள் உண்டு. அவர்களால்தான் கதவோரம் முட்டலும் மோதலும். வாய்ப்பைக் கூட்டுவது முண்டியடிப்பதல்ல. தொடக்கத்திலிருந்து அதே பாத்திரத்தோடு இருங்கள், வழியை மறிக்காதீர்கள், அவர் பார்த்தால் நீங்களும் நிதானமாகப் பாருங்கள். கை நீட்டினால் பிடியுங்கள்; வேண்டாமென்றால் தலையசைத்தால் போதும். நீங்களாகத் தொடவே கூடாது. போன வாரம் கிடைத்த அதே ஒன்-ஆன்-ஒன்னுக்கு மறுபடி போய் நிற்பது முதல்முறை வந்தவரின் பங்கைப் பறிப்பது. ஒரு அடி பின்வாங்கி அவருக்கு விடுங்கள்.

வேறு நாடகங்களில்

இந்த ஒப்பீடு எல்லாவற்றுக்கும் பொருந்தாது. புரூக்ளினில் 2012 முதல் 2020 வரை நடந்த ‘தென் ஷி ஃபெல்’-லில் ஓர் ஆட்டத்துக்குப் பதினைந்தே பார்வையாளர்கள், அவர்களை நடிகர்களே அறை அறையாக அழைத்துப் போவார்கள். தேர்வு உங்கள் கையில் இல்லை, மறுபடி போனால் வேறு பாதை கிடைக்குமா என்பது அதிர்ஷ்டம். லண்டன் வுல்விச்சில் 2022-23-இல் நடந்த பஞ்ச்டிரங்கின் ‘தி பர்ன்ட் சிட்டி’க்கு இரண்டு கட்டடங்கள், ஒன்று டிராய் நகரம், மற்றது மைசீனி நகரம். டிராய் சின்னச் சின்ன அறைகள் கொண்ட புதிர்ப்பாதை, அங்கே ஓரிடத்தில் நிற்பதே சிறந்தது. மைசீனி விரிந்த வெளி. பின்தொடர்வது சுலபம், தூரத்திலிருந்தே ஆள் தெரிவார்.

உடம்புக்கும் குறிப்புக்கும்

ரப்பர் அடிப்பாகம் வைத்த மூடிய ஷூ. கண்ணாடி போடுகிறவர்களுக்கு கான்டாக்ட் லென்ஸ் நல்லது. முகமூடிக்குள் மூச்சுக்காற்று ஏறிக் கண்ணாடி மங்கிவிடும். உள்ளே நன்றாக வியர்க்கும், அதனால் மெல்லிய சட்டை போதும். சூனியக்காரிகளின் காட்சியில் ஸ்ட்ரோப் விளக்கு வெட்டி வெட்டி எரியும், வலிப்பு உள்ளவர்கள் கவனம்.

வெளியே வந்ததும், தூங்குவதற்கு முன், ஒரு மணி நேரத்தை ஐந்து ஐந்து நிமிடமாகப் பன்னிரண்டு வரிசையாக்கி, ஒரு பாத்திரத்துக்கு ஒரு நெடுவரிசை போட்டு அட்டவணையாக எழுதிவிடுங்கள்: எந்த அறை, யாரோடு, என்ன இசை. காலியாக நிற்கும் கட்டங்கள்தான் அடுத்த டிக்கெட்டின் திட்டம். மாதம் ஒன்று என்று போவதைவிட அடுத்தடுத்த இரண்டு இரவுகள் போவது மேல், ஏனென்றால் இசையின் வரிசை ஒரு மாதத்தில் மறந்துவிடும். அதோடு நடிகர்கள் பாத்திரங்களை மாற்றி மாற்றி ஏற்பதால், நேற்று பார்த்த பாங்கோ (மேக்பெத்தின் நண்பர்) இன்று வேறொருவராக இருக்கலாம். ஒரே அசைவை இரண்டு உடல்கள் எப்படி வேறுவேறாகச் செய்கின்றன என்பதை நினைவு மங்குமுன் பார்த்தால்தான் உண்டு.