தாருக்கு முன்பம்பர்: ரெடிமேடா, பட்டறையா?

மஹிந்திரா தாரின் முன்பம்பரை மாற்றுவது என்று முடிவெடுத்தபோது எனக்கு மூன்று வழிகள் தெரிந்தன. பவுடர் கோட்டிங் அடித்துப் பெட்டியில் வந்து இறங்கும் ரெடிமேட் இரும்புப் பம்பர் ஒன்று. கோவை கணபதிப் பக்கத்துப் பட்டறை ஒன்றில் வண்டியை நிறுத்தி அளவெடுத்துச் செய்விப்பது இன்னொன்று. கம்பெனி கொடுத்த பம்பரைக் கழற்றாமல் அதன் பின்னால் வின்ச் (சிக்கிய வண்டியை வடம் சுற்றி இழுத்தெடுக்கும் கருவி) தாங்கும் தகட்டை மட்டும் ஒளித்துப் பொருத்துவது மூன்றாவது. பட்டறைப் பம்பரைத்தான் பொருத்தியிருக்கிறேன் என்பதால் இந்த அலசலும் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும்.

தோற்றம், விளக்கு பொருத்த இடம், விலை ஆகியவற்றை நீட்டி எழுதத் தேவையில்லை. ரெடிமேட் பம்பர் பார்வைக்கு நேர்த்தியாக இருக்கும்; பட்டறைப் பம்பரின் அழகு வளைப்பவரின் கைப்பழக்கத்தைப் பொறுத்தது; ஒளித்த வின்ச் தகடு வெளியே தெரியவே தெரியாது.

தகட்டின் கனத்தைப் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை. பட்டறைகளிலும் கடைகளிலும் கனத்தைக் கேஜ் கணக்கில் சொல்வது வழக்கம். எண் குறையக் குறையத் தகடு தடிக்கும். 10 கேஜ் என்பது 3.25 மி.மீ., 12 கேஜ் என்பது 2.64 மி.மீ. இரண்டையுமே "மூணு எம்.எம்." என்று வாயால் சொல்லிவிட முடியும் என்பதால், விளிம்பில் வெர்னியர் அளவுகோலை வைத்துப் பார்ப்பதே நல்லது. வளைவைத் தாங்கும் விறைப்பு கனத்தின் மூன்றாம் அடுக்கில் (கனம் × கனம் × கனம்) கூடுவதால், 3 மி.மீ. தகட்டைவிட 4 மி.மீ. தகடு ஏறத்தாழ 2.4 மடங்கு விறைப்பானது. ஆனால் ஒரு சதுர மீட்டருக்கு எடையும் 23.5 கிலோவிலிருந்து 31.4 கிலோவாக ஏறும், அந்தச் சுமை முழுவதையும் முன் ஸ்பிரிங்தான் சுமக்க வேண்டும்.

இருந்தாலும் பம்பரின் பலத்தைத் தகட்டில் தேடுவது பாதி வேலைதான். கடம்பூரிலிருந்து மாக்கம்பாளையம் போகும் காட்டுப்பாதையில் பள்ளத்து நீரைக் கடக்கும்போது சக்கரம் சேற்றில் அமர்ந்துவிட்டால், பம்பரின் நடுத்தகட்டை யாரும் இடிக்கப்போவதில்லை. கொக்கியில் பட்டையை மாட்டிப் பக்கவாட்டில் சாய்வாக இழுப்பார்கள். அந்த இழுவை கொக்கியின் அடித்தகட்டில் இறங்கி, அங்கிருந்து பம்பரை வண்டியோடு பிணைக்கும் பிராக்கெட்டுக்கும், பிராக்கெட்டிலிருந்து போல்ட்டுகள் வழியாக வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸின் முனைகளுக்கும் போகிறது. இந்த வரிசையில் எது மெலிந்ததோ அதுவே பம்பரின் பலம். எனக்குப் பம்பர் செய்துகொடுத்த வெல்டர் இதை ஒரே வரியில் சொன்னார்: "தகடு கனமா இருந்து என்னங்க பண்றது, புடிமானம் வேணுமில்லைங்க."

நான் பார்த்த ரெடிமேட் பம்பர்களில் கண்ணை உறுத்தியது பிராக்கெட்டில் இருந்த நீள்துளைகள். வண்டிக்கு வண்டி ஓரிரு மில்லிமீட்டர் வேறுபாட்டைச் சரிக்கட்ட அப்படி வெட்டுகிறார்கள். பொருத்துவதற்கு அது வசதியும்கூட. ஆனால் நீள்துளையில் போல்ட்டை இறுக்கும்போது, துளை நீளும் திசையில் பம்பரைப் பிடித்து நிறுத்துவது உராய்வு மட்டுமே என்பதால், சாய்வான ஒரு பலத்த இழுவையில் பம்பர் நழுவிக் கோணிக்கொள்ள வாய்ப்புண்டு. பட்டறையில் பிராக்கெட்டை வண்டியிலேயே வைத்துத் துளையைக் குறித்து, போல்ட் சரியாக நுழையும் அளவுக்கே வட்டமாகத் துளையிட்டு, 8 மி.மீ. தகட்டில் முக்கோணத் தாங்கல் வைத்து முடிக்கச் சொன்னேன். போல்ட் தலையில் அதன் வலுத் தரத்தைக் காட்டும் 8.8 என்ற எண்ணைப் பார்க்காமல் எதையும் ஏற்கக் கூடாது. அந்தத் தரத்து 12 மி.மீ. போல்ட் அறுவதற்கு ஏறத்தாழ 6.8 டன் இழுவை வேண்டும், 4.6 எண்ணிட்ட சாதாரண போல்ட் அதில் பாதியிலேயே அறும், பக்கவாட்டில் வெட்டுப்படும்போது இரண்டுமே இன்னும் குறைவாகத்தான் தாங்கும். 9,500 பவுண்டு வின்ச் ஒன்று முழு வலுவில் 4.3 டன் இழுக்கக்கூடியது என்பதை இதனோடு சேர்த்துப் பார்த்தால், கொசுறாக வரும் போல்ட்டுகளை நம்பலாமா என்பது விளங்கும்.

அடுத்தது வெல்டிங். ரெடிமேட் பம்பர் நம் கைக்கு வரும்போது பவுடர் கோட்டிங் எல்லாவற்றையும் மூடிவிட்டிருக்கும். வெல்டு தகட்டுக்குள் உருகி இறங்கியிருக்கிறதா, மேலே மட்டும் படிந்திருக்கிறதா என்பது மேற்பூச்சுக்கு அடியில் தெரியாது. பட்டறையில் பெயின்ட் போவதற்கு முன் வெறும் இரும்பாகவே பார்க்கலாம். பம்பும் வார்ப்படமும் செய்யும் ஊர் என்பதால், விரிசல் பார்க்கும் சிவப்புச் சாயமும் வெள்ளைத் தெளிப்பானும் கோவையில் எளிதாகக் கிடைக்கின்றன. சாயத்தைப் பூசிச் சிறிது நேரம் ஊறவிட்டுத் துடைத்துவிட்டு வெள்ளையைத் தெளித்தால், மேற்பரப்பில் விரிசலோ ஊசித்துளையோ இருக்கும் இடத்தில் மட்டும் சிவப்பு கசியும். என் பம்பரில் இடது பிராக்கெட்டின் மூலையில், வெல்டு முடிந்த இடத்தில், மயிரிழை போல ஒரு கோடு எழுந்தது. அந்த இடத்தைக் கிரைண்டரால் தோண்டி எடுத்துவிட்டு மறுபடி வெல்டு வைத்தார்கள். பெட்டியில் வந்த பம்பராக இருந்திருந்தால் அந்தக் கோட்டின் மேல் கறுப்பு பூசியிருக்கும். எனக்குத் தெரிந்தே இருக்காது. ரெடிமேட் எல்லாமே மோசம் என்று இதற்குப் பொருளில்லை. நல்ல தயாரிப்பில் லேசர் வெட்டின் துல்லியம் எந்தப் பட்டறைக்கும் எட்டாதது. சரிபார்க்கும் வாய்ப்பு வாங்குபவருக்கு இல்லை என்பதுதான் என் குறை.

வால்பாறைப் பக்கம் அதிகம் போகிறவர்கள் துருவையும் கணக்கில் எடுக்க வேண்டும். மூடிய பெட்டி வடிவில் தண்ணீர் தேங்கினால் உள்ளிருந்தே அரிக்கும் என்பதால், அடியில் வடிதுளை கட்டாயம் தேவை. அலுமினியப் பம்பர் துருப்பிடிக்காது, எடையும் குறைவு. ஆனால் அதை வெல்டு செய்வது தனிக் கைவேலை, நானோ அதை நண்பர்களின் வண்டியில் பார்த்ததோடு சரி என்பதால் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். மோதலில் ஏர்பேக் எப்படி நடந்துகொள்ளும் என்பதிலும் என் அனுபவம் இல்லை. மடங்கி அதிர்ச்சியை உள்வாங்க வேண்டிய முன்பகுதியை விறைப்பான இரும்பாக மாற்றினால் அதிர்ச்சி வேறு விதமாகத்தான் உள்ளே போகும் என்பதால், காட்டுக்கே போகாமல் அவிநாசி சாலையில் மட்டும் ஓட்டுபவருக்கு மூன்றாவது வழியையே சொல்வேன்.

சட்டமும் இருக்கிறது. முன்னே குழாய் வளைத்து மாட்டும் புல் பார்களும் கிராஷ் கார்டுகளும் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவுக்கு முரணானவை என்று 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது. குழாய் வளைவு இல்லாமல் செய்தாலும் இது வண்டியில் செய்த மாற்றம்தான்; காப்பீட்டு நிறுவனத்திடம் முன்னரே கேட்டுவிடுவது நல்லது. சேஸிஸில் புதுத் துளை போடாமல், வெல்டு வைக்காமல், இருக்கும் துளைகளிலேயே பிராக்கெட்டைப் பொருத்தச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். கழற்றிய பம்பரைத் துணி சுற்றி மாடியில் வைத்திருக்கிறேன். வண்டியை விற்கும் நாளில் வாங்க வருபவர் முதலில் கேட்பது அதைத்தான்.